இரண்டு பேர் பார்த்த மருந்து

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பது ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா போனில் போடும் சத்தத்திலிருந்தே தெரிகிறது. அந்தப் போன் என் கைக்கு வந்து சேர்வதற்குள் உனக்குக் காது வலித்துவிடுகிறது, எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதியதற்குப் பிறகு நான் எழுதுவது இதுதான் என்று நினைக்கிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே.

ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் அறைக்கு என்னைத் தலைவனாக்கிவிட்டார்கள். வார்டுகளுக்குப் போகும் சலைன் பாட்டில்களில் ஊசி மருந்தைச் சேர்த்து, லேபிள் ஒட்டி அனுப்புகிற அறை. எங்கும் கண்ணாடி, எங்கும் வெளிச்சம். வெளியே நடப்பவர்களுக்கு நாங்கள் மீன் தொட்டி.

அறை வாசலில் ஒரு பலகை இருக்கிறது. யாராவது தப்புச் செய்து மாட்டிக்கொண்டால் பெயரும் தேதியும் அதில் ஏறும். போன மாதம் லேபிள் மாறிய பாட்டில் ஒன்றை வார்டு நர்ஸ் தற்செயலாகக் கண்டுபிடித்தாள். யார் ஒட்டியது என்று கேட்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள், நான் ஒட்டினது மாதிரி. எப்படி நடந்தது என்று இன்றைக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும் மறுபடி நடக்கும் என்கிற பயம் எனக்கு இருக்கிறது.

ரயில்வேயில் விபத்து விசாரிக்கிறவள் நீ. உங்கள் இடத்தில் ஜனங்களை எப்படிப் பேச வைக்கிறீர்கள்? சொல்லிக்கொடு. அம்மா பக்கத்தில் நின்று யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்கிறாள். ஏதோ பெண்ணுக்கு என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறாள். கெடுப்பானேன், சொல்லவில்லை.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

தம்பி


ஜனவரி 25

அன்புத் தம்பிக்கு,

கடிதம் வந்தது. தலைவர் பதவிக்கு வாழ்த்து. அத்தான் கேட்கச் சொன்னார், மீன் தொட்டியில் தலைவருக்குத் தனித் தீனி உண்டா என்று. இங்கே நலம், அவருடைய முழங்கால் தவிர.

பலகையை முதலில் கழற்று. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். ஏதாவது பிசகு நடந்தால், அல்லது நடக்க இருந்து தப்பித்தால், சம்பந்தப்பட்ட எல்லோரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவோம். சொல்ல வந்தவருக்கு முதல் வார்த்தையாக நன்றி சொல்ல வேண்டும். எவ்வளவு பெரிய பிசகாக இருந்தாலும் சரி, முதலில் நன்றி. ஒரே ஒரு கேள்விதான் கேட்போம்: “அந்த நிமிஷத்துல அது ஏன் சரின்னு பட்டுது?” யாரும் வேண்டுமென்று தப்புச் செய்வதில்லை. சரி என்று பட்டதைத்தான் செய்கிறார்கள். ஏன் அப்படிப் பட்டது என்று தெரிந்தால்தான் அடுத்தவனைக் காப்பாற்றலாம்.

“கவனக்குறைவு” என்ற வார்த்தைக்கு எங்கள் அறையில் தடை. சொல்கிறவர் எல்லோருடைய டீக் கோப்பையையும் கழுவ வேண்டும். என் மேலதிகாரி ஒரு வருஷம் முழுக்கக் கழுவினார், அப்புறம் திருந்தினார். போன மாதம் ஒரு சரக்கு வண்டி தப்பான தண்டவாளத்துக்குப் போக இருந்தது. கவனக்குறைவு என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். பேசிப் பார்த்தால், சிக்னல் பலகையில் ஒரு சிறு விளக்கு வெகுநாளாகவே எரியவில்லை, எரியாததை எல்லோரும் பழகிக்கொண்டுவிட்டார்கள். விளக்கை மாற்றினோம்.

அறையில் சொன்ன பெயர் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. மேலதிகாரி கேட்டாலும் சரி, கட்டின புருஷன் கேட்டாலும் சரி, பெற்ற தாய் கேட்டாலும் சரி. ஒரு தடவை போய்விட்டால் அதோடு எல்லார் வாயும் மூடிவிடும்.

இன்னொன்று. நாங்கள் எந்த உத்தரவையும் உரக்கப் படிப்போம், கேட்பவர் அதைத் திருப்பிச் சொல்வார். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும். உன் அறையிலும் ஒருவர் லேபிளைப் படிக்கட்டும், இன்னொருவர் திருப்பிச் சொல்லட்டும். அப்படியே எடுத்துக்கொள், உரிமைத் தொகை கேட்க மாட்டேன்.

அந்தப் பெண் விஷயத்தில் அம்மாவை ரொம்ப நாள் ஏமாற்றாதே.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் முழங்கால் எப்படி? எனக்கு நலம். அம்மாவைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், பதற வேண்டாம்.

பலகை போய்விட்டது. ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது, அதில் யாரோ குடையை மாட்டுகிறார்கள். முதல் கூட்டத்தில் சுவரில் கடிகாரம் ஓடுவது கேட்டது. எல்லோரும் தலையைக் குனிந்து மேஜையில் எறும்பு தேடினார்கள். நான் சரி, கலைவோம் என்று எழுந்தபோது, இருப்பவர்களில் மூத்த அம்மா ஒருவர், “குளிர்பெட்டிக் கதவு சரியா மூடுறதில்ல, நான் காலால ஒரு எத்து விடுவேன், ஒருநாள் மறந்துட்டேன், மருந்தெல்லாம் சூடாகிப் போச்சு, நானே கொட்டிட்டேன்” என்றார். நீ சொல்லிக்கொடுத்தபடி நன்றி என்றேன். அதற்கப்புறம் யார் வாயையும் அடைக்க முடியவில்லை. கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாயிற்று.

உரக்கப் படிக்கும் வழக்கமும் வந்துவிட்டது. ஒருவர் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மருந்தின் பெயர், அளவு எல்லாம் படிக்கிறார். எதிரில் நிற்பவர் திருப்பிச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். அறை முழுக்க ஆரம்பப் பள்ளி மாதிரி ஒரே வாய்ப்பாட்டுச் சத்தம். சுருட்டை என்று ஒரு பையன் இருக்கிறான், தலைமுடிக்கு வைத்த பெயர். அவன் படித்தால் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கும். இது ரயில்வே முறை, என் அக்கா தந்தது என்று சொல்லிவைத்தேன். உன்னை எல்லோரும் மீசை வைத்த ஆள் மாதிரி கற்பனை செய்திருக்கிறார்கள்.

அம்மாவுக்குக் காய்ச்சல். சிறுநீரில் கிருமி என்கிறார் டாக்டர். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மூன்றாம் மாடியில் சேர்த்திருக்கிறேன். ஜன்னல் ஓரப் படுக்கை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நான் மேலே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பக்கத்துப் படுக்கைக்காரியின் குடும்ப வரலாறு முழுவதும் அம்மாவுக்கு இதற்குள் மனப்பாடம். ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

தம்பி


மார்ச் 10

அன்புத் தம்பிக்கு,

அம்மாவின் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று உடனே எழுது. எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பெரிய பாலம் ஒன்றில் தண்டவாளம் மாற்றுகிறார்கள், அது முடியும் வரை யாரும் அசைய முடியாது. நீ அங்கேயே இருப்பதால் எனக்குத் தைரியமாக இருக்கிறது. உன் கையால் கலந்த மருந்து அம்மாவுக்குப் போகிறது என்றால் அதைவிட என்ன வேண்டும்.

குளிர்பெட்டிக் கதவு சங்கதியை எங்கள் கூட்டத்தில் சொன்னேன். எல்லோருக்கும் பிடித்துப்போனது. எனக்கு மீசை இல்லை என்பதைச் சுருட்டைக்குத் தெரிவித்துவிடு.

அத்தானுக்கு முழங்கால் தேவலை. நான் நலம்.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நலம். அத்தானும் நீயும் நலமா?

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். காய்ச்சல் சுத்தமாக விட்டுவிட்டது. கொஞ்சம் தலைசுற்றல் இருக்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அதற்காகக் குளியலறையில் பிடிமானக் கம்பி போட்டிருக்கிறேன். அப்படியே முன்னறைக்கு வெள்ளையும் அடித்தேன். பழைய மஞ்சள் நிறம் அம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை அல்லவா. ஜன்னல் கம்பிகளுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பச்சை அழுக்குத் தெரியாது என்கிறார் பெயின்டர்.

போனில் பேசுவது அம்மாவுக்கு இப்போது சிரமமாக இருக்கிறது. சத்தம் வேண்டாம் என்கிறாள். நீ அவளுக்குக் கடிதமாகவே எழுதிப்போடு. எழுத்தைப் பெரிதாக எழுது.

வேலை நடக்கிறது.

தம்பி


ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு,

அம்மாவுக்குப் போன் வேண்டாமா? மீன் வந்து தண்ணீர் வேண்டாம் என்று சொன்னது என்று எழுதியிருந்தால் கூட நம்பியிருப்பேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமையாகக் கூப்பிடுகிறேன். ஒருநாள் தூங்குகிறாள், ஒருநாள் குளிக்கிறாள், ஒருநாள் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள் பக்கத்து வீட்டுக்கு எப்படிப் போனாள்?

கடிதத்தில் ஜன்னல் கம்பிக்கு அத்தனை வரி. உன் அறைக்கு இரண்டே வார்த்தை. அது கூடப் பரவாயில்லை, “எல்லாம் சரி” என்று மட்டும் சொல்கிற ஸ்டேஷன் மாஸ்டரை எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் அவரைத்தான் போய்ப் பார்ப்பேன்.

பாலம் வேலை முடிந்தது. மே முதல் வாரம் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வா.

அக்கா


மே 9

தம்பிக்கு,

ஊருக்குத் திரும்பி வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசைப் பற்றிக் கேட்காதே.

நீ ஸ்டேஷனில் பெட்டியைத் தூக்கிக்கொண்டே, “அக்கா, அம்மாவுக்குக் காது போயிடுச்சு, ரெண்டும்” என்றாய். ஆட்டோவில் முழு வழியும் நான் ஏதோ வயதான காது என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அவள் வேறு பக்கம் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். திரும்பவில்லை. அப்புறம் நீ போய் அவள் முன்னால் நின்றாய், அவள் முகம் மலர்ந்தது. அந்தக் காட்சியை நான் எத்தனை நாள் சுமக்க வேண்டுமோ தெரியாது.

என்னிடம் பேசிக்கொண்டே இருந்தாள். வழக்கத்தைவிட உரக்க. நான் பதில் சொன்னால் என் வாயையே பார்த்துவிட்டு, “ம், ம்” என்றாள். எதற்கு ம் கொட்டுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. புறப்படுகிற அன்று நான் கேட்டுக் கேட்டுத்தான் மருந்து அளவு இரண்டு மடங்காகிவிட்டது என்று வாயைத் திறந்தாய். உன் அறையில் கலந்த மருந்து. போன காது திரும்பி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றாய். யார் கலந்தது என்றேன். வண்டி வந்துவிட்டது என்றாய்.

இப்போது வண்டி எதுவும் வரவில்லை. யார்? அந்தச் சுருட்டையா? செய்தி வாசிக்கிறானே, அவனா? லேபிளில் இருப்பதைப் பார்க்கக் கூடவா முடியாது ஒரு மனிதனுக்கு? ரெண்டு பேர் நின்று பார்த்தார்களாம். என்னத்தைப் பார்த்தார்கள்? இதற்குப் பெயர் கவனக்குறைவு, வேறொன்றும் இல்லை. நான் அதிகாரியாகக் கேட்கவில்லை, அம்மாவின் பெண்ணாகக் கேட்கிறேன். பெயரைச் சொல்.

அக்கா


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவுக்குத் தலைசுற்றல் குறைந்திருக்கிறது. உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த மருந்து எப்போதும் வருகிற கம்பெனியிலிருந்து வரவில்லை. புதிதாக வேறு கம்பெனி அனுப்பியது. அதே அளவுக் குப்பி, அதே நீல மூடி. உள்ளே இருக்கும் மருந்து மட்டும் இரட்டிப்பு வீரியம். எப்போதும் எடுக்கிற அளவையே எடுத்தார்கள். அம்மா படுத்திருந்த அத்தனை நாளும் அது போயிருக்கிறது. அளவு மீறினால் காதை அடிக்கிற மருந்து அது.

கண்டுபிடித்தது டாக்டரோ நர்ஸோ இல்லை. கூட்டத்தில் ஒருவர் தானே எழுந்து சொன்னார். காலியான அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடும்போது அதிலிருந்த வீரிய எண் கண்ணில் பட்டதாம், அன்றைக்கே சொல்லிவிட்டார். சொல்லாமல் பெட்டியைக் குப்பையில் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, மருந்து இன்னும் போய்க்கொண்டே இருந்திருக்கும். எந்த நோயாளி என்று கேட்டேன். மூன்றாம் மாடி, ஜன்னல் ஓரம் என்றார். அது யார் என்று அவருக்குத் தெரியாது. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் வார்த்தை என்னவென்று உனக்குத் தெரியும். நன்றி என்றேன். பிறகு மாடிக்கு ஓடி மருந்தை நிறுத்தினேன்.

பெரிய டாக்டர் பெயர் கேட்டார். கொடுக்கவில்லை. விளக்கம் கேட்டு எனக்குத் தாள் வந்திருக்கிறது. உனக்கும் கொடுக்க மாட்டேன், அக்கா. கொடுத்தால் நாளைக்கு அடுத்த அட்டைப் பெட்டி குப்பைக்குப் போகும், அடுத்த ஜன்னல் ஓரத்தில் வேறு யாருடைய அம்மாவோ இருப்பாள். இரண்டு பேர் பார்த்தும் எப்படித் தப்பியது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மாதக்கணக்காக உன்னிடம் மறைத்தது தப்புத்தான். எழுத உட்காரும்போதெல்லாம் ஜன்னல் கம்பிதான் வந்தது.

தம்பி


ஜூன் 4

தம்பிக்கு,

நலம். அத்தான் நலம்.

உன் பெரிய டாக்டருக்குப் புகார் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். நோயாளியின் மகள் என்ற முறையில் எழுதினால் அவர் உன்னிடமிருந்து அந்தப் பெயரை வாங்கியே தீர வேண்டும். உன்னால் தடுக்க முடியாது. அதற்குப் பிறகு உன் கூட்டம் என்னவாகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவள் நான்தான். ஆனால் பால் பொங்கியபோது திரும்பாத முகத்தை நான்தானே பார்த்தேன்.

இன்னும் தபாலில் போடவில்லை. இத்துடன் உள்ள உறையை அந்த ஆளிடம் கொடு. உள்ளே ஒரே கேள்விதான் இருக்கிறது, என்னவென்று நீ ஊகிப்பாய். பெயர் போடாமல் பதில் எழுதட்டும். மாத முடிவுக்குள் பதில் வந்தாக வேண்டும். வராது என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா


ஜூன் 22

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சார் உங்கள் உறையைக் கொடுத்தார். “விருப்பம் இல்லன்னா எழுத வேண்டாம், நான் சொல்லிக்கிறேன்” என்றார். அது அவருடைய அம்மா என்று எனக்குக் கூட்டம் முடிந்த பிறகுதான் தெரியும். அதற்கப்புறம் நான் ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. அவர்தான் என் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்.

அந்த நிமிஷத்தில் ஏன் சரி என்று பட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கலந்தவள் இல்லை. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவள், அட்டைப் பெட்டியைப் பார்த்துக் கூட்டத்தில் சொன்னவளும் நான்தான். முன்பெல்லாம் சரிபார்க்கிறவர் குப்பியைத் தன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். யாரும் பேச மாட்டோம். அதற்கு நேரம் பிடிக்கும், சலிப்பாகவும் இருக்கும். பிப்ரவரியிலிருந்து உரக்கப் படித்தோம். என்னோடு நின்றவர் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, குப்பியைப் பிடித்துக்கொண்டு படித்தார். அந்த லேபிளை அவர் வருஷக்கணக்காகப் படித்திருக்கிறார். குப்பியைப் பார்த்ததும் வாய் பழைய எண்ணைச் சொல்லிவிட்டது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதே எண்ணைத் திருப்பிச் சொன்னேன். இரண்டும் ஒன்றாக இருந்தது. ஒன்றாக இருந்ததால் சரி என்று பட்டது. என் கண் குப்பியின் மேல்தான் இருந்தது, ஆனால் நான் பார்த்தது அவர் சொன்னதைத்தான். தினமும் அப்படியே.

இதைக் கூட்டத்தில் ரொம்ப நேரம் பேசினோம். ரயிலில் உத்தரவு சொல்கிறவர் ஓரிடத்தில், கேட்கிறவர் வேறிடத்தில். இரண்டு பேருக்கும் முன்னால் வேறு வேறு பலகை இருக்கும். அதனால் அங்கே இந்த முறை நன்றாக நடக்கிறது போல. நாங்கள் ஒரே மேஜையில் ஒரே குப்பியோடு நின்றோம். ஏப்ரலிலிருந்து சார் மாற்றிவிட்டார். கலக்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது. சரிபார்க்கிறவர் தனியாக வேறு மேஜையில் குப்பியைப் பார்த்துத் தானே எழுத வேண்டும். கடைசியில்தான் இரண்டையும் ஒப்பிடுகிறோம். இதெல்லாம் சார் உங்களுக்கு எழுதியிருப்பார். நீங்கள் தந்த முறை என்பதால் உங்களிடம்தான் முதலில் கேட்டிருப்பார்.

பெயர் எழுதலாமா என்று யோசித்தேன். பயமாக இருக்கிறது. எழுதவில்லை. மன்னிப்புக் கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் அதையும் எழுதவில்லை.

இப்படிக்கு,
சரிபார்த்தவள்


ஜூலை 8

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் அறையிலிருந்து பதில் வந்தது.

நான் ஒரு பெயர் கேட்டேன். நீ இரண்டு பெயரை மறைத்திருக்கிறாய், இரண்டாவது என்னுடையது. மே மாதம் எனக்கு எழுதும்போது “இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்” என்று எழுதினாயே, அதற்கு முந்தின மாதமே பேசி முடித்து, முறையையும் மாற்றிவிட்டாய். “லேபிளைப் பார்க்கக் கூடவா முடியாது” என்று நான் கத்தியதை நாலைந்து தடவை படித்தாயாம். ஒரு தடவையாவது உனக்குத் திருப்பிக் கத்தத் தோன்றவில்லையா? எனக்குத் தோன்றியிருக்கும்.

எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்தது என்று, பெயர் இல்லாமல். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், “நம்ம முறையை யாரு மேடம் அங்க கொண்டு போனது, யோசிக்காம?” என்றார். பெயர் கேட்பது இங்கே வழக்கம் இல்லை என்றேன். மன்னிக்கணும் மேடம் என்று உட்கார்ந்துவிட்டார். பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. நான் தப்பித்துக்கொண்டேன்.

ஏன் சரி என்று பட்டது என்று என்னையே கேட்டேன். எங்களிடம் நன்றாக நடக்கிறது, அதனால் எங்கேயும் நடக்கும் என்று பட்டது. உன் மேஜை எப்படி இருக்கும், யார் எங்கே நிற்பார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கடிதத்தில் நகைச்சுவை எழுத இடம் இருந்தது, இதைக் கேட்க இடம் இல்லை.

புகாரைத் தபாலில் போட்டுவிட்டேன். பதறாதே, திருத்தி எழுதினேன். முறை தவறு, முறையைச் சொல்லிக்கொடுத்தவள் இவள் என்று என் பெயரும் பதவியும் விலாசமும் எழுதியிருக்கிறேன். பெரிய டாக்டருக்கு ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதானே. பலகை மாட்ட நினைத்தால் ஆணி இருக்கிறது, குடையை எடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளட்டும். உன்னிடம் விளக்கம் கேட்டு வந்த தாளுக்கும் அதையே பதிலாகக் கொடு.

அந்தப் பெண்ணிடம் கடிதம் கிடைத்தது என்று சொல். நன்றி என்றும் சொல். அந்த வார்த்தையை எழுதுவதற்குள் இத்தனை நாள் ஆகிவிட்டது.

அம்மாவுக்குத் தனியாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நான் செய்ததைத்தான் எழுதியிருக்கிறேன், வேறொன்றும் இல்லை. அவள் படிக்கும்போது நீ வெளியே எங்காவது போய்விடு.

அக்கா


ஜூலை 27

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலமா? அவர் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை வழக்கம்போல ஆபீஸே கதி என்று கிடக்கிறாயா?

உன் கடிதத்தைப் படித்தேன். நீ எழுதியது எனக்குப் புதுசு இல்லை. உன் தம்பி ஏப்ரலிலேயே எல்லாவற்றையும் எழுதிக் காட்டிவிட்டான். எனக்கு இப்போதெல்லாம் எழுதித்தானே காட்ட வேண்டும். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதினான், ஒவ்வொரு பக்கமாக என் பக்கம் தள்ளினான். குப்பி, மூடி, நீ சொன்ன முறை, எல்லாம். அக்காவுக்குச் சொல்லாதே, அவள் தாங்க மாட்டாள் என்று சொன்னது நான்தான். அவன் மேல் கோபப்படாதே. அவன் சொல்கிறேன் சொல்கிறேன் என்று நின்றான், நான் விடவில்லை.

ஆனால் நீ மே மாதம் பெயரைச் சொல், பெயரைச் சொல் என்று எழுதினாய் பார், அந்தக் கடிதம் மேஜை மேல் கிடந்தது, படித்துவிட்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு, அவன் எழுதாவிட்டால் நானே உன் பெயரை எழுதி உனக்கு அனுப்புகிறேன் என்று அவனிடம் பேனாவைக் கேட்டேன். அவன் பேனாவை ஒளித்து வைத்தான். அப்புறம் எனக்கே அழுகை வந்துவிட்டது.

இந்த வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் தப்பு எப்படி நடந்தது, யார் செய்தது, ஏன் செய்தது என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டீர்கள். எழுதுங்கள், நல்லதுதான். இன்னொருத்தருக்கு இப்படி ஆகாமல் இருந்தால் சரி. ஆனால் எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டு ஒரு கடிதம் வரவில்லை. உடம்பு எப்படி என்று கேட்டீர்கள். அது வேறு.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது. என் குரல் எனக்கே கேட்காததால் கத்துகிறேனா முணுமுணுக்கிறேனா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வேலையே இல்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. தெரியாமல் செய்தாய் என்று தெரியும், இருந்தாலும் இருக்கிறது. போய்விடும் என்று பொய் சொல்ல மாட்டேன். அதற்காக வராமல் இருந்துவிடாதே.

அம்மா